சனிக்கிழமை ஜீப்பில் வராதவர்

எங்கள் ஊரில் ஒரு புருஷன் பெண்டாட்டியை விட்டுவிட்டுப் போனால் அது அவ்வளவு சுலபமாக வெளியே தெரியாது. போடியில் பாதி ஆண்கள் திங்கட்கிழமை விடியற்காலையில் ஜீப்பேறி மலைக்குப் போய்விடுவார்கள். ஏலக்காய்த் தோட்டத்தில் சூப்பர்வைசர், மருந்தடிக்கிறவர், ஸ்டோரில் காய் உலர்த்துகிறவர் என்று ஆளுக்கொரு வேலை. சனிக்கிழமை சாயங்காலம் இறங்குவார்கள். ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்து, கறி எடுத்துச் சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் மறுபடியும் மலை. காய் எடுக்கிற சீசனில் அந்த ஒரு நாளும் கிடையாது. ஆகவே, "வீட்டுக்காரர் எங்கே?" என்று யாராவது கேட்டால், "மலைக்குப் போயிருக்கார்" என்று சொன்னால் போதும், கேட்டவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். வேறு ஊரில் ஒருவன் மூன்று மாதம் வீட்டுப் பக்கம் வராவிட்டால் அக்கம்பக்கம் மோப்பம் பிடித்துவிடும். இங்கே மூன்று வருஷம் கூடத் தாக்குப்பிடிக்கலாம். நான் பிடித்தேன்.

நான் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். கல்யாணம் ஆனபோதே வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள். அவர் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் சூப்பர்வைசர். குடி கிடையாது, சீட்டு கிடையாது, கை நீட்டியதும் கிடையாது. நாலு பேர் மத்தியில் சத்தமாகப் பேச மாட்டார். எங்கள் வீட்டில் எல்லோரும் மெச்சிக்கொண்டார்கள். குழந்தை பிறக்கவில்லை. அதற்காகவும் அவர் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. போகப்போக, எதற்காகவும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாதவராக ஆனார். சனிக்கிழமை வருவார், சோறு போட்டால் சாப்பிடுவார், செல்போனைப் பார்த்துக்கொண்டே படுத்துக்கொள்வார். பிறகு இரண்டு சனிக்கிழமைக்கு ஒருமுறை வந்தார். பிறகு தீபாவளி, பொங்கல், பங்காளி வீட்டுக் கல்யாணம்.

மலைக்குப் போகிறவர்களின் பெண்டாட்டிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. புருஷன் இறங்காத வாரத்தில் சனிக்கிழமை ஜீப்பில் ஒரு பை கொடுத்துவிடுவோம். துவைத்து மடித்த சட்டை, இட்லிப்பொடி, எலுமிச்சை ஊறுகாய், முறுக்கு, தலைவலித் தைலம் இப்படி. அந்தப் பை அழுக்குத் துணியோடு கீழே வரும். டிரைவர்கள் இதற்குக் கூலி வாங்குவதில்லை. இருமலுக்கு மருந்து கேட்டால் நாம் கொடுப்போம், அவ்வளவுதான் கணக்கு. பை போகிறது, வருகிறது என்றால் அந்தக் குடும்பம் நடக்கிறது என்று பொருள். நானும் கொடுத்துவிட்டுக்கொண்டுதான் இருந்தேன். அவர் வராத வாரம் எல்லாம் பை போனது.

ஒரு வாரம் பை கட்டிய கட்டுப் பிரியாமல் திரும்பி வந்தது. டிரைவர் அண்ணன் கடை வாசலில் ஜீப்பை நிறுத்தி, இறங்காமல் அங்கிருந்தே நீட்டினார்.

"வேணாம்னுட்டாரு தாயி. இனிமே குடுத்துவிட வேணாம்னு சொல்லச் சொன்னாரு."

"ஏண்ணே? ஒடம்புக்கு எதும் முடியலையா?"

"நல்லாத்தான் இருக்காரு." அவர் என் முகத்தைப் பார்க்காமல் கியரைப் பார்த்துச் சொன்னார். "நான் எதக் கண்டேன் தாயி. சொல்லச் சொன்னாரு, சொல்லிட்டேன்."

போன் அடித்தேன். எடுக்கவில்லை. மலையில் சிக்னல் இருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுநாள் அவருடைய தம்பி மகன் பிறந்தநாளுக்கு அதே நம்பரிலிருந்து குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் கேக் படம் வந்திருந்தது. அந்தப் பையில் இருந்த முறுக்கை நானே தின்று தீர்த்தேன். வெளியே யார் கேட்டாலும் மலைக்குப் போயிருக்கார் என்றே சொன்னேன். என்னைக் காப்பாற்றிக்கொள்ள மட்டும் அதைச் சொல்லவில்லை. அவர் பெயரும் கெடக்கூடாது என்றுதான் சொன்னேன், புத்தி கெட்டவள்.

அதன் பிறகு எனக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டி வந்தது. ரத்தப்போக்கு நிற்காமல் கடையில் நின்றபடியே மயங்கி விழுந்தேன். தேனியில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கே நர்சம்மா ஒரு தாளைக் கொண்டுவந்து, "வீட்டுக்காரர் கையெழுத்துப் போடணும், எங்க?" என்று கேட்டார். நான் வழக்கமான பதிலைச் சொன்னேன். "வரச் சொல்லுங்க" என்றார். போனில் கிடைக்காததால், ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட வர வேண்டும் என்று டிரைவர் அண்ணனிடம் சொல்லி அனுப்பினோம். பதில் அன்று சாயங்காலமே வந்தது: காய் எடுப்பு நேரம், இறங்க முடியாது, யாராவது போடட்டும்.

யாராவது! என் தங்கச்சி பக்கத்து ஊரான தேவாரத்தில் இருக்கிறாள். அந்த வாரம்தான் அவர்கள் தோட்டத்தில் யானை இறங்கி வாழையை மிதித்துப் போட்டிருந்தது. சாய்ந்த வாழையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, சேற்றுக் காலோடு பஸ்சேறி வந்து கையெழுத்துப் போட்டவள் அவள். "யாராச்சும் போடட்டும்னா சொன்னான்? அந்த யாரோ நாந்தான், கொண்டா பேனாவ" என்று நர்சம்மாவின் கையிலிருந்து பிடுங்கினாள். ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது எனக்கு வலியைவிடக் கோபம்தான் பெரிதாக இருந்தது. அதுவரை நான் அழுதுகொண்டுதான் இருந்தேன். கோபப்படலாம் என்பது அன்றைக்குத்தான் தோன்றியது.

நாங்கள் குடியிருந்தது மாடி வீடு. வயிற்றில் தையலோடு அந்தச் செங்குத்துப் படியில் ஏறி இறங்க முடியவில்லை. தங்கச்சி வீட்டுக்காரர் லோடு ஆட்டோ பிடித்து வந்து, கடைக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு கீழ் வீட்டுக்கு என்னை மாற்றினார். போடியில் பீரோவும் கட்டிலும் ஏற்றிக்கொண்டு ஒரு வண்டி போனால் ஊரே பார்க்கும், எங்கேயிருந்து எங்கே என்று கேட்கும். எல்லோரும் பார்த்தார்கள், கேட்டார்கள். டிரைவர் அண்ணன்கூட ஒரு கை பிடித்து பீரோவை இறக்கிவைத்தார். அந்த வீட்டில் இரண்டு தீபாவளி கழிந்த பிறகு, தங்கச்சியிடம் சொன்னேன், நான் விவாகரத்து கேட்கப் போகிறேன் என்று.

"இம்புட்டு நாளா அதத்தான யோசிச்சுக்கிட்டு இருந்த? வெரசா செய்யி" என்றாள்.

மற்றவர்கள் அப்படிச் சொல்லவில்லை. இன்னொரு கல்யாணத்துக்கா இவள் தவிக்கிறாள் என்று கேட்டார்கள். இல்லை என்றால், பிறகு எதற்கு என்றார்கள். தாலியைக் கழற்றி வைத்துவிட்டு இருந்துவிட்டுப் போயேன், யார் கேட்கப் போகிறார்கள் என்றார்கள். கேட்கிறார்களே! ஆஸ்பத்திரியில் கேட்கிறார்கள். வீடு பார்க்கப் போனால் கேட்கிறார்கள். பேங்கில் கேட்கிறார்கள். நாளைக்கு நான் மயங்கி விழுந்தாலும், கையெழுத்துப் போடும் உரிமை, என்னை யாராவது பார்த்துக்கொள்ளட்டும் என்று சொன்ன ஆளிடம்தான் இருக்கும். அந்த உரிமையை அவரிடமிருந்து திரும்ப வாங்க வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். அதற்குக் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும் என்றால் போகிறேன்.

தாய்மாமா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "நாலு பெரிய மனுசங்கள வச்சுப் பேசி அத்துவிட்டுருவோம்த்தா. கோர்ட்டு கச்சேரின்னு எதுக்கு அலையணும்?" என்று சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு மலைக்கே போனார். அங்கே அவர் இவர்களுக்குக் கட்டன் சாயாவும் கப்பைக்கிழங்கும் கொடுத்து உபசரித்திருக்கிறார். அத்துவிடுகிற பேச்சை எடுத்ததும், "நான் எங்க மாமா அவள விட்டேன்? பொழப்புக்கு மலையில கெடக்கேன். அவ மேல எனக்கு ஒரு கொறையும் இல்லையே" என்றிருக்கிறார். மாமா ஒரு பொட்டலம் ஏலக்காயோடு இறங்கி வந்து, "மாப்ள தங்கமான மனுசன்த்தா" என்றார். அந்த ஏலக்காயை நான் வாங்கவில்லை. பாயசம் வைத்துக் குடியுங்கள் என்று அவரிடமே கொடுத்துவிட்டேன்.

வக்கீலம்மா என் வயதுதான் இருப்பார். மேஜை நிறையக் கட்டுகள், ஓரத்தில் ஆறிப்போன காபி. நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "அடிச்சாரா?" என்றார். இல்லை. "குடிச்சுட்டு வந்து கேவலமாப் பேசுவாரா?" பேசவே மாட்டார். "வரதட்சணை?" இல்லை. "பொம்பளத் தொடர்பு?" எனக்குத் தெரிந்து இல்லை. அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"பொறகு என்னன்னும்மா எழுதுறது?"

"இந்தக் கல்யாணம் செத்துப்போச்சுன்னு எழுதுங்க மேடம்."

"செத்துப்போச்சுன்னு மட்டும் எழுதுனா இங்க செல்லாதும்மா. யாரு கொன்னாங்கன்னு எழுதணும். ரெண்டு பேரும் சேந்து வந்து பிரியுறோம்னு கையெழுத்துப் போட்டா சுலபம். அவரு வர மாட்டேங்குறாரு. முறிஞ்சுபோன கல்யாணம்ங்குற ஒரே காரணத்துக்காகப் பிரிச்சுவைக்கிற அதிகாரம் டெல்லியில இருக்குற பெரிய கோர்ட்டுக்குத்தான். நம்ம கோர்ட்டுல சட்டத்துல இருக்குற காரணத்துல ஏதாச்சும் ஒண்ணு ஒட்டணும்."

என்னென்ன காரணம் என்று கேட்டேன். சொன்னார். கொடுமை, வேறு தொடர்பு, மதம் மாறுவது, தீராத மனநோய். சந்நியாசம் வாங்கிக்கொண்டு போனாலும் கிடைக்குமாம். ஏழு வருஷம் உயிரோடு இருப்பதாகவே தகவல் இல்லாவிட்டாலும் கிடைக்குமாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காவி கட்டிக்கொண்டு பழனி மலைக்குப் போனால் விவாகரத்து உண்டு, வேட்டி கட்டிக்கொண்டு ஏலமலைக்குப் போனால் கிடையாது. வக்கீலம்மாவும் சிரித்தார்.

பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒண்ணு செய்யலாம். தோட்டத்துல கூட வேல பாக்குற பொம்பள யாரையாச்சும் சேத்துருவோம். நிரூபிக்கணும்னு கூட இல்ல. மானத்துக்குப் பயந்து அவரே எறங்கி வந்து கையெழுத்துப் போட்டுருவாரு. நெறையப் பேரு இப்படித்தான் முடிச்சுக்குறாங்க" என்றார். மனுவில் அந்தப் பெண்ணின் பெயரையும் எழுத வேண்டுமாம்.

யாரைச் சொல்வது? அந்தத் தோட்டத்து ஸ்டோரில் காய் தரம் பிரிக்கிற ஒருத்தி இருக்கிறாள். புருஷன் செத்துப்போனவள். மகளுக்கு வலிப்பு மாத்திரை வாங்க மாதா மாதம் என் கடைக்கு வருவாள். ஊர் நம்ப வேண்டும் என்றால் அவள் பெயரைத்தான் எழுத வேண்டும், உடனே நம்பிவிடும். அவளுடைய பெயரை நான் எழுதிவிட்டு, அடுத்த மாதம் அவளுக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்க வேண்டும்.

"அது முடியாது மேடம்" என்றேன். "இன்னொருத்தி தலையில மிதிச்சுத்தான் நான் வெளிய வரணும்னா எனக்கு வேணாம். உள்ளதச் சொல்லுவோம். வராமப் போனாரு. அத எழுதுங்க."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "உள்ளதச் சொல்றதுதாம்மா கஷ்டம்" என்று சொல்லிவிட்டு, அதுவரை சொல்லாமல் விட்டிருந்த ஒரு காரணத்தை, 'கைவிட்டுச் செல்லுதல்' என்று மேலே எழுதிக் கோடு போட்டார். வழக்குப் போடுவதற்கு முன் இரண்டு வருஷம் தொடர்ந்து அவர் என்னை விட்டுப் போயிருக்க வேண்டும். கால் போனால் மட்டும் போதாது, இனி இவளோடு வாழ்வதில்லை என்று மனமும் போயிருக்க வேண்டும். மனம் போனதை நாம்தான் நிரூபிக்க வேண்டும். "உங்க ஊருல அதுதான் வில்லங்கம். எல்லாப் புருசனும் போறான். இவரு போனது வேற மாதிரின்னு ஜட்ஜய்யாவுக்கு எப்படிக் காட்டப் போறோம்?" என்றார்.

பை திரும்பி வந்த கதையைச் சொல்ல டிரைவர் அண்ணனைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "அந்தத் தோட்டத்து லோடுதான் எனக்குச் சோறு தாயி. கூண்டுல ஏத்திராத." அவரை நான் திட்டவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவருக்கு இருமல் மருந்தைக் காசு வாங்கிக்கொண்டுதான் கொடுத்தேன்.

வழக்குப் போட்டதும், முதலில் சமரச மையத்தில் எங்களை எதிரெதிரே உட்காரவைத்தார்கள். அவர் வெள்ளைச் சட்டையில், காதோரம் நரைத்து, நல்ல ஆரோக்கியமாக இருந்தார். நடுவர் கேட்டதற்கெல்லாம் பணிவாகப் பதில் சொன்னார். "எனக்கு இவங்க மேல ஒரு புகாரும் இல்லீங்க. வந்தா வச்சு வாழத் தயாரா இருக்கேன்." எங்கே வர வேண்டும் என்று நான் கேட்டேன். மலையில் தோட்டத்து அறையில் மூன்று ஆண்களோடு தங்கியிருப்பவர், என்னை வைத்து வாழ எங்கே கூப்பிடுகிறார்? அவர் நடுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். நடுவர் என்னைப் பார்த்து, "அவரே எறங்கி வர்றாரு, நீங்களும் கொஞ்சம் விட்டுக் குடுங்கம்மா" என்றார். விட்டுக்கொடுக்க என்னிடம் கர்ப்பப்பைகூட இல்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் வந்தது இன்றைக்கும் உறுத்துகிறது.

பிறகு அவர் தரப்பு எதிருரை வந்தது. வக்கீலம்மா வாசித்துக் காட்டினார். "எதிர்மனுதாரர் தொழில் நிமித்தமாக மட்டுமே மலையில் தங்கி வருகிறார். பிரதி சனிக்கிழமை மாலை ஜீப்பில் வந்து மனுதாரருடன் மாடி வீட்டில் தங்கி, ஞாயிறு மாலை திரும்புவது வழக்கம். இம்மனு தாக்கலாகும் வரை அவ்வாறே வாழ்ந்து வந்தனர்."

எனக்குக் கோபத்தில் காது அடைத்துக்கொண்டது. ஊரில் உள்ள அத்தனை ஒழுங்கான புருஷன்மார்களின் சனிக்கிழமையையும் திருடி இவர் தன் பெயரில் எழுதிக்கொண்டிருக்கிறார்.

"எந்த வீட்டுக்கு வந்தாராம்?" என்று கேட்டேன்.

வக்கீலம்மா தாளைக் கீழே வைத்தார். "ஏன்?"

வீடு மாறியதைச் சொன்னேன். பழைய மாடி வீட்டை அதன் சொந்தக்காரர் நான் காலி செய்த கொஞ்ச நாளில் இடித்து, அங்கே ஏலக்காய் குடோன் கட்டிவிட்டதையும் சொன்னேன். அந்தத் தெரு ஜீப் போகும் பாதையில் இல்லை, அதனால் இடித்தது அவர் கண்ணில் பட்டிருக்காது. என் புதிய விலாசம் மனுவின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் மனுவை அவர் வாசித்திருந்தால், அவருடைய வக்கீலும் கவனித்திருந்தால், இப்படி எழுதியிருப்பார்களா?

"யாருகிட்டயும் மூச்சு விடாத" என்றார் வக்கீலம்மா. முதல் தடவையாக என்னை ஒருமையில் பேசினார்.

விசாரணை நாள் வரை எனக்கு நிம்மதி இல்லை. மூச்சு விடாமல் இருக்க இது என்ன ரகசியமா? நான் எங்கே குடியிருக்கிறேன் என்பது பால்காரருக்குத் தெரியும், டிரைவர் அண்ணனுக்குத் தெரியும், மாமாவுக்குத் தெரியும், மலையிலிருந்து மாத்திரை வாங்க வருகிறவர்களுக்கெல்லாம் தெரியும். அவர் ஒரே ஓர் ஆளிடம், அவ இப்ப எங்க இருக்கா என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், நான் தோற்றுப்போவேன். ஒவ்வொரு வாய்தா தள்ளிப்போகும்போதும், இந்தத் தடவை கேட்டிருப்பார் என்று பயந்தேன். உண்மையைச் சொன்னால், அந்தப் பயத்துக்குள் கேட்டுவிட மாட்டாரா என்ற ஆசையும் கொஞ்சம் கிடந்தது. அதை நினைத்து என் மேலேயே எரிச்சல் வந்தது.

முதலில் என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். அவருடைய வக்கீல் நல்ல குரல்வளம் உள்ளவர்.

"அக்கம்பக்கத்துல கேட்டவங்ககிட்ட எல்லாம் உங்க கணவர் வேலைக்காக மலைக்குப் போயிருக்காருன்னுதான சொன்னீங்க?"

"ஆமா."

"ஒருதடவையாச்சும் விட்டுட்டுப் போயிட்டாருன்னு யார்கிட்டயாச்சும் சொல்லியிருக்கீங்களா?"

"இல்ல."

"அப்ப, அன்னைக்கு அவங்ககிட்ட சொன்னது பொய்யா, இன்னைக்கு இங்க சொல்றது பொய்யா?"

ஹாலில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள். வக்கீலம்மா பதறி எழப்போனார். நான் கூண்டின் கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டு நிமிர்ந்து நின்றேன்.

"அன்னைக்குச் சொன்னதுதாங்க பொய். உங்க கட்சிக்காரரு மானத்தக் காப்பாத்துறதுக்காகச் சொன்னேன். கல்யாணம் பண்ணிக்கிட்டேன்ல, அது என் சோலின்னு நெனச்சேன். இனிமே அந்தச் சோலிய நான் பாக்குறதா இல்ல."

நீதிபதி என்னை ஒருதரம் பார்த்துவிட்டுக் குனிந்து குறித்துக்கொண்டார்.

அடுத்த வாய்தாவில் அவர் கூண்டில் ஏறினார். வக்கீலம்மா அவரிடம் எடுத்ததுமே பாயவில்லை. ஜீப் எத்தனை மணிக்கு இறங்கும், பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்கு எப்படிப் போவீர்கள் என்று சாவகாசமாகக் கேட்டார். நடந்துதான் போவேன் என்றார் அவர். வழியில் கறிக்கடையில் நின்று வாங்கிக்கொண்டு போவேன் என்றும் சேர்த்துக்கொண்டார். சைவம் சாப்பிடுகிறவளோடு குடும்பம் நடத்திய ஞாபகம்கூட இல்லை. எனக்குக் கறி ஒத்துக்கொள்ளாது, கல்யாணத்துக்கு முந்தியிலிருந்தே.

"வழக்குப் போடுறதுக்கு முந்தின தீபாவளிக்கும் வீட்டுக்கு வந்தீங்களா?"

"வந்தேங்க."

"எங்க படுத்தீங்க? அவசரமில்லாம ஞாபகப்படுத்திச் சொல்லுங்க."

"மாடியிலதாங்க. மாடி வீடுதானே."

"படி உள்பக்கமா, வெளிப்பக்கமா?"

"வெளிப்பக்கம். முருங்க மரத்த ஒட்டி."

"இப்பவும் உங்க மனைவி அந்த வீட்டுலதான் குடியிருக்காங்க?"

"ஆமாங்க. அதே வீடுதான்."

வக்கீலம்மா மேற்கொண்டு ஒன்றும் பேசாமல், மனுவின் முதல் பக்கத்தையும், புது வீட்டு வாடகை ஒப்பந்தத்தையும், குடோன் நிற்கிற போட்டோவையும் நீதிபதியிடம் நீட்டினார். அவருடைய வக்கீல் தன் கட்டை அவசரமாகப் புரட்டினார். கூண்டில் நின்றவருக்கு என்ன நடக்கிறது என்று விளங்கவில்லை. இல்லாத வீட்டில், இல்லாத மாடியில், தீபாவளிக்கு வந்து படுத்துத் தூங்கியதாகச் சத்தியம் செய்துவிட்டு, எல்லோரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். பின்பெஞ்சில் யாரோ சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று தங்கச்சி என் கையைக் கிள்ளினாள். எனக்கு வயிறு எரிந்தது. முருங்கை மரம் வரைக்கும் ஞாபகம் வைத்திருக்கிறாரே மனுஷன்! மரத்தை மறக்கவில்லை, படியை மறக்கவில்லை. இத்தனை மாதம் வழக்கு நடந்தும், இவள் எங்கேயிருந்து பஸ்சேறி வருகிறாள் என்று ஒருத்தரிடமும் கேட்கத் தோன்றவில்லை. என்னைச் செல்லாக்காசாக்கிய அந்த மறதியே எனக்குச் சாட்சியாக நின்றது என்று அன்றைக்கு வீட்டுக்கு வந்து வெகுநேரம் பொருமிக்கொண்டிருந்தேன்.

தீர்ப்பு நாளில் அவரும் வந்திருந்தார். நியாயமான காரணம் இல்லாமல், திரும்பி வாழும் எண்ணமும் இல்லாமல், எதிர்மனுதாரர் மனுதாரரைக் கைவிட்டிருக்கிறார் என்பது நிரூபணம் ஆகிறது என்று நீதிபதி சொன்னார். திருமணம் கலைக்கப்பட்டது. வக்கீலம்மா என்னைப் பார்த்துக் கண்ணை மூடித் திறந்தார். அந்தப் பக்கம் நின்ற மனுஷன் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. வெளியே வந்து வராந்தாவில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தங்கச்சி பஸ் வருகிறதா என்று பார்க்கப் போயிருந்தாள்.

அவர் என்னிடம் வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன், அதற்கும் தயாராகத்தான் நின்றேன். அவர் திட்டவில்லை. ரொம்ப நாளாக எதையோ யோசித்து விடை கிடைக்காதவர் மாதிரி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்.

"எப்ப வீடு மாத்துன?"

எத்தனையோ வருஷம் கழித்து அவர் என்னைப் பற்றி என்னிடம் கேட்ட முதல் கேள்வி. பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொன்னேன்.

"ஆபரேசன் முடிஞ்சு, படி ஏற முடியாமப் போனப்ப."

அவர் ஓர் அடி கிட்டே வந்தார்.

"என்ன ஆபரேசன்?"

தங்கச்சி ரோட்டிலிருந்து கையை ஆட்டிக் கூப்பிட்டாள், பஸ் வந்துவிட்டது. அவருடைய கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கடமை அன்று காலையோடு எனக்குத் தீர்ந்துவிட்டது. செருப்பைச் சரியாக மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனேன்.